எழுத்தின் நடமாட்டம்

1

எழுத்தின் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். கல், ஓலை, காகிதம், அச்சு, தபால், தந்தி, இப்போது கைக்குள் அடங்கும் கண்ணாடிப் பலகை என்று ஒரு படிவரிசை. ஒவ்வொரு படியிலும் எழுத்து முன்னைவிட வேகமாகவும் தூரமாகவும் மலிவாகவும் போகிறது, ஆகவே முன்னேற்றம். பள்ளிப் பாடத்துக்கு இது போதும். ஆனால் நடமாட்டம் வேகத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறதென்றால் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். உண்மையில் நகர்வது எது? அதற்குக் கூலி கொடுப்பது யார்? போய்ச் சேர்ந்த பிறகு அது யார் கையில் இருக்கிறது?

பிழைப்புக்கு நான் வங்கி குமாஸ்தா. கைமாறுவதால் மட்டுமே மதிப்புப் பெறும் ஒருவகை எழுத்தோடு தினமும் புழங்குகிறவன். இந்த மூன்று கேள்விகளும் எனக்கு இலக்கியத்திலிருந்து வரவில்லை. காசோலைக் கட்டுகளிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றை இலக்கியத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தால், முக்கியமாகச் சிறுபத்திரிகையின் பக்கம் திருப்பிப் பார்த்தால், நம் சௌகரியமான முன்னேற்றக் கதை சற்று ஆட்டம் காண்கிறது.

2

கல்வெட்டில் எழுத்து நகர்வதில்லை, வாசகன் நகர்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வெட்டிவைத்தான். யார் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் அங்கே இருக்கிறது. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய முகவரிப் பட்டியல்களில் அது ஒன்று. ஆனால் அந்த முகவரிகளுக்கு எவரும் கடிதம் போடுவதற்காக அவை வெட்டப்படவில்லை. பங்குக்கு 100 கலம் நெல் என்ற ஏற்பாட்டுக்குச் சாட்சியாக நிற்பவை அவை. சாட்சி இடம் பெயரக் கூடாது. கல்லின் கனம் ஒரு குறையல்ல, அதுவே அங்கே பயன்.

இதே சோழர்கள் நகரும் எழுத்தையும் வைத்திருந்தார்கள். அரசன் வாய்ச்சொல் ஓலையில் ஏறும். அதிகாரிகள் பலரது பார்வைக்குப் பின் திருமுகமாக நாட்டாருக்குப் போகும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் 21 செப்பேடுகளில் இந்த நடைமுறையைப் பார்க்கலாம். திருமுகம் வருகிறதென்று நாட்டார் எதிர்கொண்டு சென்றார்கள், தொழுது வாங்கினார்கள், தலைமேல் வைத்தார்கள், பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். எழுத்து வந்து சேர்வது ஒரு சடங்காக, ஊர் திரளும் நிகழ்ச்சியாக இருந்திருக்கிறது. அந்தச் செப்பேடுகளே பிற்பாடு கடல் கடந்து லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அந்த ஊரின் பெயரையும் தாங்கிக்கொண்டன என்பது வரலாற்றின் குறும்பு. அசையாத உரிமைக்கு எழுதப்பட்ட சாசனம் அசைந்துவிட்டது.

இன்னொரு வகையும் உண்டு. எழுத்து தன் பொருட்டு நகராமல், சரக்கோடு சேர்ந்து நகர்வது. பூம்புகாரில் பொதிகளின் மேல் எழுத்துப் பொறித்திருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. எகிப்தில், செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற இடத்தில் கிடைத்த உடைந்த சாடி ஒன்றில் ‘பானை ஒறி’ என்று தமிழ் பிராமியில் இருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். சுமார் 2000 ஆண்டுப் பழமை. உறியில் தொங்கவிடும் பானை என்பதுதான் பொருள். காவியமோ அரசாணையோ இல்லை. பானையின் மேல் பானை என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். முசிறி வாணிபம் சம்பந்தமான இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில், பாப்பிரஸில் எழுதப்பட்டு, இப்போது வியன்னாவில் இருக்கிறது, 1985இல் பிரசுரமாயிற்று. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் ஹெர்மாபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கடல் கடந்த எழுத்துகளில் நமக்கு எஞ்சியவற்றில் சில இப்படிச் சரக்குக் குறிகளாகவும் கடன் பத்திரங்களாகவும் இருப்பதில் என் தொழில்காரனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

காவியங்களின் கதை வேறு. ஓலை இலேசானதுதான், எவரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். ஆனாலும் ஓலை நகர்ந்ததைவிட ஓலையைத் தேடி ஆள் நகர்ந்ததே அதிகம். ஒரு ஏடு சில நூற்றாண்டுகள் தாங்கும். அதற்குள் எவராவது பெயர்த்து எழுதியாக வேண்டும். ஓலையில் நடமாட்டம் என்பது பிரதி எடுப்பதுதான். பிரதி எடுக்க ஆளில்லாத நூல் இருந்த இடத்திலேயே செத்தது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்த அலைச்சல் நமக்குத் தெரிந்ததே. அதை ஒரு தனிமனிதரின் தியாகமாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு அமைப்பின் கடைசிக் காட்சியும்கூட. வாசகன் எழுத்தை நோக்கி நடக்க வேண்டியிருந்த காலத்தின் கடைசிப் பெரிய நடை அது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தபோது திசை மாறிற்று. அதன் பிறகு எழுத்து வாசகனை நோக்கிப் புறப்பட்டது.

3

புறப்பட்ட எழுத்துக்குச் சாலை வேண்டும். அந்தச் சாலையைப் போட்டது அச்சுக்கூடம் அல்ல, தபால்தான்.

1854க்கு முன் கும்பினித் தபாலில் கடிதத்தின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தூரமாக இருப்பவனோடு பேசுவது அதிகச் செலவு. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதி வந்த ஏற்பாட்டில் தூரம் கணக்கிலிருந்து விழுந்தது. கால் தோலா எடைக்குள் இருந்தால் அரையணா. மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டுக்கும் அரையணா, பெஷாவருக்கும் அரையணா. தபால்தலை ஒட்டாமல் போட்டால் பெறுகிறவனிடம் இரட்டிப்பு வசூல். பிரிட்டனில் ரோலண்ட் ஹில் 1840இல் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்கள். வேகத்தில் இதனால் மாற்றம் எதுவுமில்லை. அதே ரன்னர்தான் ஓடினான். திருவிதாங்கூரில் அஞ்சல்காரன் மணி கட்டிய கோலோடு ஓடினான். அந்த அஞ்சல் 1951வரை தனியாகவே இருந்து, பிறகு இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மாறியவை இரண்டு. தூரம் விலையில்லாமல் ஆயிற்று, கூலி அனுப்புகிறவனுடையதாயிற்று. பெறுகிறவன் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில் கடிதம் ஒரு சுமை, சிலசமயம் ஒரு பயம். அனுப்புகிறவன் கொடுத்துவிட்டான் என்றால் அது ஒரு கொடை. 1879இல் காலணா கார்டு வந்தபிறகு இந்தக் கொடையை ஏழையும் செய்ய முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுதித் தருபவனைப் பிடித்தான். வந்த கடிதத்தைத் தபால்காரனே படித்துச் சொன்னான். இந்த நாட்டின் பாதி அந்தரங்கம் அப்படித்தான் ஒரு மூன்றாம் குரல் வழியாகப் போய்வந்தது.

இந்தச் சாலையைப் போட்டவன் அதில் ஒரு கதவையும் வைத்திருந்தான். 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். ‘இந்தியா’ பத்திரிகையும் அங்கே போயிற்று. அச்சடிக்க அங்கே தடையில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வருவதைத் தடுத்தார்கள். 1910இல் பத்திரிகை நின்றது. அச்சுயந்திரத்தை உடைக்க வேண்டியிருக்கவில்லை. நடமாட்டத்தை நிறுத்தினால் போதுமாக இருந்தது. 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தில் அஞ்சலை இடைமறிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அந்த அதிகாரம் அதிலும் பத்திரமாக இருக்கிறது.

தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பொதுஜனங்களுக்கு 1855இல் திறந்துவிடப்பட்ட தந்தி 2013 ஜூலையில் மூடப்பட்டது. அதன் விசேஷமும் வேகம் என்றே சொல்லப்படுகிறது. எனக்கு வேறு ஒன்று படுகிறது. தந்தியில் நான் எழுதிக் கொடுத்த தாள் தந்தி ஆபீஸிலேயே தங்கிவிடுகிறது. போய்ச் சேர்வது இன்னொருவன் கையெழுத்தில் இன்னொரு தாள். எழுத்து தன் உடலை விட்டுவிட்டு நகரக் கற்றுக்கொண்டது அங்கேதான். மற்றதெல்லாம் அதன் விரிவு.

4

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சேர்ந்த பிறகு யார் கையில்?

இதற்கு 1741இல் லண்டனில் ஒரு பதில் சொல்லப்பட்டது. ஸ்விஃப்டுக்குத் தான் எழுதிய கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற பிரசுரகர்த்தர் அச்சிட்டுவிட்டார் என்று அலெக்சாண்டர் போப் வழக்குப் போட்டார். போப் ஒன்றும் அப்பாவி அல்ல. சில வருஷங்கள் முன்னால் தன் கடிதங்கள் இதே கர்ல் கையில் சிக்குமாறு தானே ஏற்பாடு செய்தவர். அது இருக்கட்டும். நீதிபதி ஹார்ட்விக் பிரபு கண்ட வழி அழகானது. கடிதத்தின் காகிதம் பெற்றவனுக்குச் சொந்தமாக இருக்கலாம். அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவனை விட்டுப் போகாது. ஒரே தாளில் இரண்டு உடைமை. எழுதியவன் திரும்ப வாங்க முடியாது, பெற்றவன் அச்சிட முடியாது.

இந்தப் பாதி இழப்பின் மேல்தான் கடித இலக்கியம் முழுவதும் நிற்கிறது என்று நினைக்கிறேன். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் கமலா வைத்திருந்ததால் புத்தகமாயின. கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை கி.ரா.வால் நமக்குக் கிடைத்தன. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார். 1877 முதல் 1900 வரை வந்தவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பாக 2018இல் வெளியாயின. இவற்றில் எதுவும் எழுதியவனிடம் இருந்து பிழைக்கவில்லை. எழுதியவன் தன் கையை விட்டு அனுப்பினான், அதனால் பிழைத்தது. அனுப்புவது என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான்: கொடுத்துவிடுவது, திருத்தும் அதிகாரத்தை இழப்பது. கோபத்தில் எழுதிய ஒரு வரி தபால்பெட்டியின் வாய்க்குள் விழுந்த பிறகு அது எதிராளியின் வரலாற்றில் ஒரு சம்பவம். எழுதுகிறவனுக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுத்தது இலக்கணமோ ஒழுக்கமோ அல்ல, அந்தச் சிவப்புப் பெட்டி.

5

காசோலைக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு வங்கியின் காசோலையையும் அந்தந்த வங்கிக்கே காகிதமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். கிளியரிங் ஹவுஸில் பல வங்கிகளின் ஆட்கள் கூடிக் கட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். வியாபாரி வேர்வைக் கையோடு மடித்த தாள், விதவை நடுங்கிக் கையெழுத்திட்ட தாள் எல்லாம் ஊரைச் சுற்றிவந்து, எழுதியவனின் கிளைக்கே திரும்பும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சாகும் ஒரே எழுத்து அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

2011 செப்டம்பரில் சென்னையில் இது மாறியது. டெல்லியில் 2008லேயே மாறிவிட்டிருந்தது. இப்போது காசோலை போடப்பட்ட கிளையோடு நின்றுவிடுகிறது. அதன் படம் போகிறது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை 2002இல் திருத்தி இதற்கு இடம் கொடுத்தார்கள். அந்தத் திருத்தத்தில் துண்டிக்கப்பட்ட காசோலைக்குச் சொல்லப்படும் வரையறை, காகிதம் மேற்கொண்டு நகர்வதற்குப் பதிலாக அதன் மின்னணுப் படம் என்கிற மாதிரி போகிறது. சட்ட வாசகம் அறியாமலே ஒரு யுகத்தை வரையறுத்துவிட்டது. எழுத்து மேற்கொண்டு நகராது. 2025 அக்டோபரிலிருந்து, நாள் முழுக்க வரவரப் படங்களை அனுப்பிச் சில மணிநேரத்தில் தீர்த்துவிடும் முறையும் வந்துவிட்டது. வாடிக்கையாளனுக்கு இது பெரிய நன்மை. நானும் அதற்காக வருந்தவில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: வேகம் உச்சத்துக்கு வந்த அதே நிமிஷத்தில் நடமாட்டம் நின்றுபோயிருக்கிறது.

6

இன்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி இந்தக் காசோலையின் கதிதான். முகநூலில் ஒருவர் கவிதை எழுதினால் அது யாரிடமும் போவதில்லை. எங்கோ ஒரு கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது; ஆயிரம் பேர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அந்த இடத்துக்குச் சுவர் என்று பெயர் வைத்தவன் கல்வெட்டை நினைத்து வைத்திருக்க மாட்டான். ஆனால் பெயர் பொருந்துகிறது. வாசகன் மறுபடி எழுத்தை நோக்கிப் போகிறான். ஒரு வித்தியாசம்: கல்லில் வெட்டியதை அரசனாலும் சுலபமாக அழிக்க முடியாது. இந்தச் சுவரில் ஒரு விரல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி 2017இல் வந்தது. அமேசான் 2009 ஜூலையில், உரிமைத் தகராறு காரணமாக, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிக் கிண்டிலில் வைத்திருந்த புத்தகங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆர்வெல்லின் ‘1984’ அவற்றில் ஒன்று. இதை எந்த நாவலாசிரியனும் எழுதியிருந்தால் மிகை என்று நாமே விமரிசித்திருப்போம். ஹார்ட்விக் பிரபு பெற்றவனுக்குக் கொடுத்த அந்தக் காகிதம், அந்தப் பாதி உடைமை, இல்லாமல் போய்விட்டது.

இதை ஏக்கமாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தபால்தான் எழுத்து, மற்றது சத்தம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. காலணா கார்டுக்கும் வழியில்லாதவர்கள் இருந்தார்கள். எழுத்தையே தொடவிடாமல் வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எவர் அனுமதியும் கேட்காமல் எழுதுகிறார்கள். எந்தச் சிறுபத்திரிகை ஆசிரியரும் திருப்பியனுப்ப முடியாத எழுத்து அது. நம் வட்டத்துக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் நம் வட்டம் யாரை விட்டுவிட்டு வட்டமாயிற்று என்பதையும் அதுதான் காட்டிக்கொடுத்தது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகள். அவற்றில் எவற்றுக்கு வேறெங்காவது பிரதி இருந்ததோ அவை நூல் என்ற அளவில் சாகவில்லை. ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை செத்தன. எரித்தவனுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரிந்திருக்கும். எழுத்துக்குப் பாதுகாப்பு பெட்டகத்தில் இல்லை, பல கைகளில் சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. எல்லா இடத்திலும் தெரிந்துகொண்டு, சில கிடங்குகளில் மட்டும் இருக்கும் எழுத்தைச் சிதறிய எழுத்து என்று சொல்ல முடியுமா?

7

சிறுபத்திரிகைக்கு இதில் என்ன? அநேகமாக எல்லாமே.

1959இலிருந்து 1970வரை ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் என்ன பிரசுரித்தார் என்பதைப் பேசுகிறோம். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனதைப் பக்தியோடு ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நடமாட்டத்தை இலக்கியத்தின் வெளிவேலையாக, கூலிவேலையாக நினைக்கும் பழக்கம் இது. உ.வே.சா. ஏட்டை நோக்கி நடந்தார்; செல்லப்பா வாசகனை நோக்கி நடந்தார். இரண்டுக்கும் நடுவே எழுபது எண்பது வருஷ அச்சுப் பண்பாடு இருந்தும், நல்ல எழுத்து தானாக நகரவில்லை. எவனாவது முதுகைக் கொடுக்க வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு அந்த முதுகு தபால் இலாகா. சந்தாதாரர் முகவரிப் பட்டியல்தான் ஒரு சிறுபத்திரிகையின் உண்மையான சொத்து. மலிவான அச்சிட்ட நூல் அஞ்சல் என்ற ஒரு சலுகையில் நம் இலக்கிய இயக்கம் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 2024 டிசம்பர் 18 முதல் அந்தப் புக் போஸ்ட் கிடையாது. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நடுவில் 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது: 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி, கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு, விளம்பரம் உள்ளவற்றுக்கு இல்லை. எது பண்பாடு என்பதைக் கவுண்டரில் இருப்பவர் தீர்மானிப்பார். மெல்லிய ஒரு காலாண்டிதழின் விலையில் பாதி தபால்தலையாகப் போகும் நிலை வந்தால், இதழை இணையத்தில் போட்டுவிடலாமே என்ற யோசனை தானாக வரும். வந்திருக்கிறது. நம்மில் பலர் போய்விட்டார்கள், நியாயமான காரணங்களோடுதான்.

போகலாம். ஆனால் போவதற்கு முன் எதைக் கைவிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நாம் கைவிடுவது காகிதத்தின் வாசனை போன்ற சில்லறைச் சமாசாரங்களை அல்ல. பெறுகிறவன் கையில் இருந்த உடைமையை. முந்நூறு பிரதி முந்நூறு வீட்டில் கிடந்தால், முப்பது வருஷம் கழித்து ஒரு பரணிலிருந்து ஒன்றாவது விழும். ஆசிரியன் கட்சி மாறலாம், கவிஞன் தன் பழைய கவிதையை மறுக்கலாம், பரிசு வாங்கியவன் தன் பழைய கோபத்தை மறைக்கலாம். பரணில் இருக்கும் பிரதி மாறாது. நம் விமரிசனத்துக்கு ஆதாரமாக இருந்தது இந்தப் பிடிவாதமான காகிதம்தான். அது இல்லாத இடத்தில் எவரும் எதையும் எழுதியதில்லை என்றாகிவிடும்.

எனக்குத் தெரிந்த வழி எளிமையானது, புதிதுமல்ல. இணையத்திலும் போடுவோம். அதோடு கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டு, தபாலில் கட்டுப்படியானால் தபாலில், ஆகாவிட்டால் ஊருக்குப் போகிறவர்கள் பையில், கைக்குக் கை கொடுத்து அனுப்புவோம். செலவு அனுப்புகிறவனுடையது என்ற 1854ஆம் ஆண்டு ஏற்பாட்டைக் குறைந்தபட்சம் நாமாவது காப்பாற்றுவோம். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் அனுப்புகிறேன். இதில் நான் சொல்லியிருப்பது நாளைக்கு எனக்கே உவப்பாக இல்லாமல் போகலாம். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட தாளில் ஒரு எழுத்தைக்கூட என்னால் அப்போது மாற்ற முடியாது. மறுக்க வேண்டுமானால் இன்னொன்று எழுதி, இன்னொரு முறை அனுப்பத்தான் வேண்டும்.